கோப்பெருஞ்சிங்கன்: துரோகியும் இல்லை, சிங்கமும் இல்லை

சண்டை ஆரம்பித்தது ஜப்பானில். முடிந்தது சேந்தமங்கலத்தில். நடந்த இடம் எங்கள் ஹாஸ்டல் மெஸ்.

என் அறைத்தோழன் ஒருவன் ஜப்பான் பைத்தியம். அனிமே, கேம், 2024-ல் வந்த 'ஷோகன்' தொடர் என்று ஒன்றையும் விடமாட்டான். சாம்பார் ஊற்றிக்கொண்டே ஓடா நோபுநாகாவின் வாழ்க்கையை ஒப்பிப்பான். அன்றைக்கும் ஒப்பித்தான். சின்னப் பிரபுவாகத் தொடங்கியவன். 1560-ல் ஓகேஹஸாமாவில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை உடைத்தவன். 1573-ல் ஷோகனையே கியோட்டோவை விட்டுத் துரத்தியவன். 1582-ல் சொந்தத் தளபதியே படையோடு வந்து சூழ்ந்துகொள்ள, ஹொன்னோஜி கோயிலில் செத்தவன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி போட்டான்: "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒருத்தன் உண்டாடா?"

நான் மங்கலம்பேட்டைக்காரன். உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில், பஸ் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற ஊர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் இல்லாம? சோழச் சக்கரவர்த்தியையே பிடிச்சு ஜெயில்ல போட்டவன் எங்க பக்கத்து ஆளு. கோப்பெருஞ்சிங்கன். சேந்தமங்கலம்" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அந்தத் துரோகியா?" என்றான். 'பொன்னியின் செல்வன்' படம் இரண்டு பாகத்தையும் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன் அவன். பக்கத்து மேஜையிலிருந்து இன்னொருவன், "யாரைடா துரோகிங்கற? அவரு எங்க ஆளு. சிங்கம்!" என்று எழுந்தான். அவன் கிராமத்துத் திருவிழா பேனரில் கோப்பெருஞ்சிங்கன் வாளோடு நிற்பானாம். முகம் மட்டும் ஏதோ சினிமா நடிகரின் சாயல்.

பிறகு நடந்ததை எழுத வேண்டாம். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவனுக்காக!

நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசத் தெரியவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து நிறையப் படித்தேன். இப்போது சொல்கிறேன்: நண்பர்களே, நீங்கள் இரண்டு பேருமே தப்பு. இரண்டு பேரும் ஒரே தப்பு.

*

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். பாடப்புத்தகத்தில் இவனுக்குக் கிடைக்கிற இடம் ஒரு வரி. மூன்றாம் ராஜராஜனைச் சிறைப்பிடித்த காடவர் தலைவன். அவ்வளவுதான், அடுத்த பாடம்.

காடவர்கள் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்கள். இன்றைய கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் சோழர்களுக்குக் கீழே வேலை பார்த்த குறுநிலத் தலைவர்கள். கூடல் ஆளப்பிறந்தான், கச்சியராயன், குலோத்துங்கசோழக் காடவராயன் என்று கல்வெட்டுகளில் பெயர்கள் வரும். கடைசிப் பெயரைக் கவனியுங்கள். எஜமானன் பெயரையே பட்டமாகச் சுமந்த பெயர்.

இவர்கள் கையில் இருந்த முக்கியமான அதிகாரம் பாடிகாவல். ஊரைக் காவல் காப்பது, அதற்கு ஊரிடம் வரி வாங்குவது. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

13-ஆம் நூற்றாண்டு வந்தது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் மதுரையிலிருந்து கிளம்பி வந்து தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தினான். அதற்கு முன்னால் மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரைக்குப் போய்ப் பாண்டியர்களின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துவிட்டு வந்தவன். அதற்குத்தான் இந்தப் பதில். 1216-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ராஜராஜனுக்கு மிஞ்சியது பெரிய பெயரும் சின்ன நாடும். பாண்டியன் மறுபடி படையெடுக்க, ராஜராஜன் வடக்கே தப்பி ஓடினான். வழியில் கோப்பெருஞ்சிங்கன் மறித்தான்.

இடம் தெள்ளாறு, வந்தவாசி பக்கம். நானூறு வருஷத்துக்கு முன்னால் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பெரிய வெற்றி பெற்ற அதே தெள்ளாறு. சோழனை மந்திரிகளோடு பிடித்துச் சிறையில் வைத்ததாக வயலூர்க் கல்வெட்டு கோப்பெருஞ்சிங்கன் பக்கத்திலிருந்து பெருமையாகப் பாடுகிறது. கொண்டுவந்து அடைத்த இடம் சேந்தமங்கலம் கோட்டை. கெடிலம் ஆற்றங்கரை. ஏறத்தாழ 1231.

இங்கே ஒரு விளக்கம். கோப்பெருஞ்சிங்கன் ஒருவன் அல்ல, இருவர் என்பதுதான் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் கருத்து. சோழனைச் சிறை வைத்தவன் தந்தை மணவாளப்பெருமாள். 1243-ல் பட்டத்துக்கு வந்து, 1279 வரை கல்வெட்டுகளில் தெரிகிறவன் மகன். பேனரில் இருவரையும் ஒரே ஆளாக்கி நிறுத்திவிடுகிறார்கள்.

*

இப்போது "துரோகி" என்ற நண்பனுக்கு.

தம்பி, விஜயாலயச் சோழன் யார்? சோழப் பேரரசைத் தொடங்கியவன். சரி. அவன் தொடங்கும்போது யாருக்குக் கீழே இருந்தான்? பல்லவர்களுக்கு. அவன் மகன் முதலாம் ஆதித்தன் யார் பக்கம் நின்று திருப்புறம்பியத்தில் சண்டை போட்டான்? பல்லவன் அபராஜிதன் பக்கம். அதே அபராஜிதனைப் பிறகு யார் கொன்றது? அதே ஆதித்தன்தான். இதை நான் சொல்லவில்லை. யானைமேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து ஆதித்தன் அவனைக் கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டில் பதிந்து வைத்தவன் வீரராஜேந்திர சோழன். சோழர் பரம்பரையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கதை இது.

ஆதித்தன் தன் மேலதிகாரியைக் கொன்றான். கோப்பெருஞ்சிங்கன் தன் மேலதிகாரியைக் கொல்லவில்லை, சிறையில்தான் வைத்தான், பிறகு விட்டும் விட்டான். முன்னவன் பேரரசின் ஸ்தாபகர், பின்னவன் துரோகியா? என்ன கணக்கு ஐயா இது? ஒரே வித்தியாசம், ஆதித்தனின் பேரப்பிள்ளைகள் முந்நூற்றைம்பது வருஷம் ஆண்டார்கள். கோப்பெருஞ்சிங்கனுக்கு அது வாய்க்கவில்லை. ஜெயித்தால் ஸ்தாபகர், தோற்றால் துரோகி. அப்படியென்றால் நீ வரலாறு படிக்கவில்லை, ஸ்கோர் போர்டு பார்க்கிறாய்.

ஜப்பான்காரர்களிடம் இதற்கு ஒரு வார்த்தையே இருக்கிறது: கெகோகுஜோ. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது. 15, 16-ஆம் நூற்றாண்டு ஜப்பான் முழுக்க அதுதான் நடந்தது. அதை ஒரு காலத்தின் போக்காகப் பெயரிட்டுப் பேசுகிறார்கள். நம் ஊரில் 13-ஆம் நூற்றாண்டில் நடந்ததும் அதேதான். மேலே இருந்த கை தளர்ந்தது, கீழே இருந்த கைகள் நீண்டன. சோழனுக்கு விசுவாசமாக இருந்தானா இல்லையா என்பது சோழனின் கவலை. 2020-களில் செமஸ்டர் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கிற உனக்கு அது ஏன் கவலை?

*

பேனர் நண்பா, சிரிக்காதே. இனி உன் முறை.

சோழனைச் சிறை வைத்த பிறகு என்ன நடந்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறாயா? கடலூர் பக்கத்தில் திருவந்திபுரம் இருக்கிறது. தேவநாதசுவாமி கோயில். மொட்டையடிக்க, கல்யாணம் பண்ண எல்லாரும் போகிற இடம். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் ராஜராஜனின் 16-ஆம் ஆட்சியாண்டு. நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டிய கல்வெட்டு என்பேன்.

அது எதிரித் தரப்பு சொன்னது. செய்தி துவாரசமுத்திரத்துக்குப் போகிறது. ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மனுக்கு, சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன் என்று ஒரு பட்டம் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றாமல் எக்காளம் ஊதுவதில்லை என்கிறான். படை கிளம்புகிறது. அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரண்டு தண்டநாயகர்கள் நம் பக்கம் வருகிறார்கள்.

வந்து என்ன செய்தார்கள்? கோப்பெருஞ்சிங்கன் தங்கியிருந்த எள்ளேரியையும் கள்ளியூர்மூலையையும் அழித்தார்கள். அவன் அதிகாரி சோழகோன் இருந்த தொழுதகையூரை அழித்தார்கள். ஆட்களைக் கொன்றார்கள். நடுவில் சிதம்பரம் போய்ப் பொன்னம்பலத்தைக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் முகாம். திருவதிகை, திருவக்கரை முதலான ஊர்கள் அழிவு. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரைக்கும் ஊர்களை எரித்தார்கள், அழித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையடித்தார்கள்.

இதைக் குற்றச்சாட்டாக யாரும் எழுதவில்லை. செய்தவர்கள் தரப்பே "நாங்கள் இதையெல்லாம் செய்தோம்" என்று கோயில் சுவரில் பெருமையாக வெட்டி வைத்தது. அதனால்தான் நம்புகிறேன். எதிரி செய்ததைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். தான் எரித்ததைத் தானே சொல்லும்போது, எரித்தது நிச்சயம்.

சரி, இதில் கோப்பெருஞ்சிங்கன் மேல் என்ன தப்பு, எரித்தவன் ஹொய்சளன் அல்லவா என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அந்தக் கல்வெட்டை வரிசையாகப் படி. எள்ளேரி எரிந்தபோது அவன் சோழனை விடவில்லை. திருவதிகை அழிந்தபோது விடவில்லை. கடல் வரைக்கும் வயலும் வீடும் போனபோது விடவில்லை. எப்போது விட்டான்? படை சேந்தமங்கலத்தின் மேல், அவன் சொந்தக் கோட்டையின் மேல் பாயத் தயாரானபோது. அப்போதுதான், "சோழனை மறுபடி அரசில் அமர்த்துகிறேன்" என்று ஆள் அனுப்பினான்.

இது எதிரி எழுதிய வரிசை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கோப்பெருஞ்சிங்கனின் சொந்தக் கல்வெட்டுகளில் இந்த ஊர்கள் எரிந்ததைப் பற்றி ஒரு முனகல் கூட நான் படித்தவரையில் இல்லை.

பாடிகாவல் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊரைக் காப்பதற்காக ஊரிடம் வாங்கிய வரி. தலைமுறை தலைமுறையாக அவன் குடும்பத்துக்கு அந்த ஊர்கள் கட்டிய பணம். அந்த ஊர்கள் எரியும்போது காவல்காரன் எங்கே இருந்தான்? இதைக் கேட்காமல் "சிங்கம்" என்று பேனர் வைக்கிறாய். எரிந்த வீடுகளில் உன் முப்பாட்டன் வீடும் இருந்திருக்கும் தம்பி. கோட்டைக்குள் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். வெளியே இருந்தவர்கள்தான் நிறையப் பேர். கணக்குப்படி பார்த்தால் நீயும் நானும் வெளியே இருந்தவர்களின் வம்சம்.

ஆனால் நம்மில் யாரைக் கேட்டாலும் ராஜா வம்சம் என்றுதான் சொல்கிறோம். இத்தனை ராஜா வம்சம் இருந்திருந்தால் அந்தக் காலத்தில் நாற்று நட்டது யார்?

*

இந்த இடத்தில் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்துகொண்டு ஒரு பதில் சொல்வார்கள். எனக்குத் தெரியும். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்டா. இன்னைக்கு நியாயத்தை வச்சு அன்னைக்கு ராஜாவை அளக்கக் கூடாது."

நல்ல வாதம். பேராசிரியர்களே சொல்கிற வாதம். ஆனால் இங்கே செல்லாது. ஏன் என்றால், அளவுகோலைக் கோப்பெருஞ்சிங்கனே நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கே? எங்கள் ஊருக்குப் பக்கத்தில், விருத்தாசலத்தில்.

பெரம்பலூரில் மகன் கோப்பெருஞ்சிங்கனுக்கும் ஹொய்சளர்களுக்கும் ஒரு போர். இந்த முறை காடவர்களுக்கு வெற்றி. கேசவன், அரிகரன் முதலான ஹொய்சளத் தண்டநாயகர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவன் விருத்தகிரீஸ்வரருக்கு ஒரு பொன் நெற்றிப்பட்டம் செய்து சாத்தினான். 'அவனியாளப்பிறந்தான்' என்று தன் பட்டப்பெயரையே அதற்கு வைத்தான். எதற்காகச் சாத்தினான்? அந்தத் தண்டநாயகர்களைக் கொன்ற பாவத்துக்குப் பிராயச்சித்தமாக. கல்வெட்டு அப்படித்தான் சொல்கிறது.

ஆக, கொல்வது பாவம் என்று 13-ஆம் நூற்றாண்டு ஆளுக்குத் தெரிந்திருந்தது. போரில் கொன்றாலும் பாவம், எதிரியைக் கொன்றாலும் பாவம், அதற்குப் பரிகாரம் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. "அந்தக் காலத்து ஆட்களுக்கு அது உறுத்தாது" என்று சொல்லி நாம் அவர்களைக் காப்பாற்ற வேண்டியதில்லை. உறுத்தியிருக்கிறது.

யாருக்காக உறுத்தியது என்பதுதான் கேள்வி. கேசவனுக்காக. அரிகரனுக்காக. பெயர் உள்ளவர்களுக்காக, குதிரைமேல் வந்தவர்களுக்காக. எள்ளேரிக்காக நெற்றிப்பட்டம் உண்டா? திருவதிகையில் பிடித்துக்கொண்டு போன பெண்களுக்காக யாராவது, சோழனோ ஹொய்சளனோ காடவனோ, ஒரு விளக்காவது ஏற்றினார்களா? நான் தேடிய வரையில் கண்ணில் படவில்லை. சோழன், காடவன், ஹொய்சளன் என்று மூன்று பேர் நடத்திய சண்டையில் மூன்று பேருக்கும் கல்வெட்டு இருக்கிறது. செத்த தண்டநாயகர்களுக்குக் கூடப் பெயர் இருக்கிறது. ஊர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான். உள்ளே இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் ஒரே தப்பு என்றேன். ஒருவன் சோழன் கண்ணால் பார்த்துத் துரோகி என்கிறான். இன்னொருவன் காடவன் கண்ணால் பார்த்துச் சிங்கம் என்கிறான். இரண்டும் அரண்மனை உப்பரிகையிலிருந்து பார்க்கிற பார்வை. வயல் வரப்பிலிருந்து பார்த்தால், காவல் வரி வாங்கிக்கொண்டு கைவிட்டவன் ஒருவன், காப்பாற்ற வருகிறேன் என்று வந்து எரித்தவன் ஒருவன், இவர்கள் எல்லாருக்கும் மேலே பெயருக்குச் சக்கரவர்த்தியாக இருந்தவன் ஒருவன்.

காப்பாற்ற வந்தவர்கள் திரும்பிப் போனார்களா என்றால் அதுவும் இல்லை. நரசிம்மனின் மகன் சோமேசுவரன் காலத்தில் சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரையே தலைநகராக்கி உட்கார்ந்துவிட்டார்கள். சோழனைக் காப்பாற்றியதற்கான கூலி.

*

"அப்ப கோயில் கட்டினதெல்லாம் ஒண்ணுமில்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. படிப்பது சிதம்பரத்தில். கிழக்குக் கோபுரத்தை வாரத்துக்கு நாலு முறையாவது பார்க்கிறேன். அந்த வாயிலின் இரண்டு பக்கமும் 108 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. பரதம் ஆடுகிறவர்கள் உலகம் பூராவும் இருந்து வந்து பார்க்கிறார்கள். மகன் கோப்பெருஞ்சிங்கனுக்குப் 'பரதம் வல்லான்' என்று ஒரு பட்டப்பெயர். நாட்டியம் தெரிந்த போர்க்காரன். நோபுநாகா தேநீர்ச் சடங்குக் கிண்ணங்களைத் தேடித் தேடிச் சேர்த்தானாம். போர்க்காரர்களுக்கும் கலைக்கும் என்னவோ ஒரு பொருத்தம்.

ஆனால் கோபுரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அதையும் அவனே சொல்கிறான். ஆந்திராவில் திரிபுராந்தகம் கோயிலில் அவன் கல்வெட்டு இருக்கிறது. நாலு திசை அரசர்களையும் வென்று கொண்டுவந்த செல்வத்தில் சிதம்பரத்தின் கிழக்குக் கோபுரத்தைக் கட்டியதாக அதில் பெருமை பேசுகிறான். தெற்கே எழுந்த 'சொக்கச்சீயன்' கோபுரத்துக்காகச் செங்கல்பட்டுப் பக்கத்து ஆத்தூரின் வருமானத்தையே எழுதிவைத்த கல்வெட்டு இன்னொன்று.

அரசர்களை வென்ற செல்வம் என்றால் என்ன? அரசன் ஏர் பிடித்துச் சம்பாதித்தானா? எங்கேயோ ஒரு ஊரில் அறுத்த நெல், அதுதானே வரியாகி, பொன்னாகி, கொள்ளையாகி, கோபுரமாகிறது. ஹொய்சளத் தண்டநாயகர்கள் ஊரை எரித்துவிட்டுப் பொன்னம்பலத்தைக் கும்பிட்டார்கள். காடவன் கொள்ளைச் செல்வத்தில் கோபுரம் எழுப்பினான். 1251-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு யானைகளையும் செல்வத்தையும் அள்ளினான், பிறகு இரக்கப்பட்டு நாட்டைக் காடவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அவனும் நேராகச் சிதம்பரம் போய்ப் பொன் வேய்ந்தான். அடித்தவன், அடிபட்டவன், மறுபடி அடித்தவன் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து கணக்கு முடிக்கிறார்கள்.

கோபுரத்தைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. வாயைப் பிளந்து பார். எனக்கும் பிடிக்கும். ஆனால் பில் கட்டியது யார் என்று தெரிந்துகொண்டு பார். கட்டியவன் பெயர் தெரிகிறது, பட்டம் தெரிகிறது. பணம் கொடுத்தவன் பெயர் மட்டும் தெரியவில்லை. அந்தக் கரணச் சிற்பங்களைச் செதுக்கிய சிற்பியின் பெயரும் நம்மில் யாருக்கும் தெரியாது. பேனர் வைக்க வேண்டும் என்றால் அவனுக்கு வைக்கலாம்.

*

கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1279-ஐ ஒட்டிக் காடவர்கள் கல்வெட்டுகளிலிருந்து காணாமல் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கடைசிச் சோழனான மூன்றாம் ராஜேந்திரனும் அதே காலத்தோடு காணாமல் போகிறான். சிறை வைத்த குடும்பமும் சிறையிருந்த குடும்பமும் ஒன்றாக முடிந்துபோயின. இரண்டு இடத்தையும் பாண்டியன் எடுத்துக்கொண்டான். பிறகு பாண்டியனும் போனான். நம் இரண்டு நண்பர்கள் மட்டும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தீபாவளி லீவில் சேந்தமங்கலம் போயிருந்தேன், சித்தப்பா மகனோடு பைக்கில். ஆபத்சகாயேசுவரர் கோயில். நல்ல பெரிய கோயில். தட்டினால் ஓசை வரும் கல் குதிரை ஒன்று உண்டு. தொல்லியல் துறை 1990-களில் இந்த ஊரில் அகழாய்வு செய்து அரண்மனை இருந்த அடையாளங்களை வெளியே கொண்டுவந்தது. நான் போன அன்றைக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். "தாத்தா, இங்கதான சோழ ராஜாவை அடைச்சு வச்சிருந்தாங்க?" என்று கேட்டேன். "அப்படித்தான் சொல்றாங்க தம்பி. நமக்கு என்ன, யாரு வந்தாலும் கெடில ஆத்துல தண்ணி வந்தா சரி" என்றார்.

நான் இரண்டாயிரம் வார்த்தையில் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஜப்பான் நண்பனுக்கு ஒரு வார்த்தை. உன் நோபுநாகா 1571-ல் ஹியெய் மலைக் கோயில்களை எரித்தான். துறவிகளோடு பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். 1574-ல் நாகஷிமாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கோட்டைக்குள் வைத்தே கொளுத்தினான். ஜப்பான்காரர்கள் இதை மறைக்கவில்லை. நீ விளையாடுகிற கேமிலேயே அவனை அரக்க ராஜாவாகவும் வரைந்து காட்டுகிறார்கள். அதற்காக யாரும் தியேட்டர் கண்ணாடியை உடைப்பதில்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வாள் பிடிக்கிற ஸ்டைல் அல்ல, இதுதான்.

சோழ நண்பா, பேனர் நண்பா, உங்கள் இருவருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறித் திருவந்திபுரம் போவோம். டிக்கெட் என் செலவு. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று எரிந்த ஊர்களின் பெயர்களை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். எள்ளேரி. கள்ளியூர்மூலை. தொழுதகையூர். திருவதிகை. திருவக்கரை. சொல்லி முடித்த பிறகும் துரோகி, சிங்கம் என்று கத்தத் தோன்றினால் தாராளமாகக் கத்துங்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொள்கிறேன்.

தோன்றாவிட்டால், திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்காருங்கள். போதும்.